முறிந்த ஸ்டட் வெளியே வருமா?



போன மாதம் இதே இடத்தில் ஒரு அண்ணன் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது பற்றி எழுதியிருந்தார். இந்த மாதம் அதைவிடப் பிடிவாதமான ஒரு விஷயம். கார் எஞ்சினில் ஒரு ஸ்டட் முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிட்டால் அதை எப்படி வெளியே எடுப்பது? 'நாம என்ன மெக்கானிக்கா, இது நமக்கு எதுக்கு?' என்று அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். நாம் பரீட்சைக்காகப் படிக்கிற இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் அந்த 8 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் ஸ்டட் என்றால் என்ன? போல்ட்டுக்கு ஒரு தலை இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். ஸ்டட்டுக்குத் தலையே கிடையாது. இரண்டு முனையிலும் மரை போட்ட சின்னக் கம்பி, அவ்வளவுதான். ஒரு முனை எஞ்சின் ஹெட்டுக்குள் திருகி நிற்கும். மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பாகத்தை மாட்டி நட் போட்டு இறுக்குவார்கள். ('மரை கழண்டவன்' என்று நாம் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்கிறோமே, அதே மரைதான்!)

எங்கள் வீட்டில் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. 1983-ல் இந்தியாவில் வர ஆரம்பித்து 2014-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எங்களுடையது 2008 மாடல். அதன் எஞ்சின் ஹெட் அலுமினியம். மூன்று சிலிண்டரின் புகையையும் ஒன்றுசேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் கனமான இரும்புக் குழாய்க்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று பெயர். அதை ஹெட்டோடு பிடித்து வைத்திருப்பவை இந்த ஸ்டட்கள்தான்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஐந்து நிமிஷம் ஓடியதும் தானாகக் குறைந்துவிடும். அப்பா 'பழைய வண்டி அப்படித்தான்' என்று மூன்று மாதம் ஓட்டினார். என் மாமா (அம்மாவின் அண்ணன், இருபது வருடமாகக் கார் வேலை செய்கிறவர்) ஊரிலிருந்து வந்தபோது ஒரு தடவைதான் கேட்டார். "புகை லீக் ஆகுது அம்மிணி. சூடானா இரும்பு விரிஞ்சு சந்தை அடைச்சுக்கும், அதனாலதான் சத்தம் கொறையுது" என்றார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு ஸ்டட்டின் நட்டைக் காணோம். ஸ்டட்டும் பாதிதான் இருந்தது.

லீக் ஆனால் என்ன, வண்டி ஓடுகிறதே என்று நானும் கேட்டேன். ஓடும். ஆனால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சைலன்சர் வழியாக வண்டிக்குப் பின்னால் போக வேண்டியது பானெட்டுக்குள்ளேயே கசிந்தால், காற்று வரும் வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்துவிடும். எங்கள் அப்பத்தா வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில் முன்சீட்டில்தான் போகிறார். போய் வந்தாலே தலைவலி என்பார். வயசானவர், வெயில், அலைச்சல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தலைவலிக்குக் காரணம் அந்தப் புகைதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மாமா சொன்னதைக் கேட்டதும் அப்பா சாவியை எடுத்து பீரோவில் வைத்துவிட்டார். அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் வேலை முடிய வேண்டும். ஆறு நாள் இருந்தது.

ஸ்டட் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

இரும்பு துருப்பிடித்தால் அந்தத் துரு, இரும்பு இருந்ததைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். மரைக்குள் ஏது இடம்? ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். இது ஒன்று. இன்னொன்று, வேதியியல் மிஸ் நடத்திய வினைத்திறன் வரிசை. அலுமினியம் அதில் இரும்புக்கு மேலே இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் சின்ன மின்கலம் மாதிரி ஆகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாக மாறும். அந்தத் தூளும் மரைக்குள்தான் போய் அடைத்துக்கொள்ளும். இதோடு எஞ்சினின் சூடும் குளிரும் தினமும் மாறி மாறி வேலை செய்கிறது.

முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் மனிதர்கள். ஸ்பேனர் ஏன் குட்டையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த நட்டுக்குப் போடும் 12 நம்பர் ஸ்பேனர் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் நீளம். 15 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் சுமார் 24 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வரும். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு அது போதும். அதே ஸ்பேனரில் 60 சென்டிமீட்டர் வரும்படி ஒரு குழாயைச் செருகி அதே 15 கிலோ பலத்தில் இழுத்தால்? 88 நியூட்டன் மீட்டர்! ஸ்டட் தாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் வண்டிக்கு முன்பு கேஸ்கட் மாற்றிய ஒரு பட்டறையில் அப்படித்தான் குழாய் போட்டு இறுக்கினார்கள் என்று அப்பா இப்போது நினைவுபடுத்திச் சொல்கிறார். 'நல்லா டைட்டா வைங்க' என்று பக்கத்தில் நின்று சொன்னதும் அவர்தானாம்!

முறியாததை முறிக்காமல் எடுப்பது

உண்மையான வேலை இங்கேதான். மற்ற நட்களையும் கழற்றினால்தான் மேனிஃபோல்டு வெளியே வரும். மாமா இரண்டு நாள் காலையும் மாலையும் எல்லா மரையிலும் துரு எடுக்கும் எண்ணெயை அடித்தார், வேறு எதையும் தொடவில்லை. நாம் கடையில் பார்க்கும் டபிள்யூ.டி.-40 இருக்கிறதே, அது 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஏவுகணையின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரித்தது. தண்ணீரை விரட்டும் கலவையை நாற்பதாவது முயற்சியில் பிடித்தார்களாம், அதனால்தான் பெயரில் 40. துருவில் ஊறி இறங்குவதற்கென்றே வேறு எண்ணெய்களும் விற்கிறார்கள். எதுவானாலும் நேரம் கொடுக்க வேண்டும். அடித்த அடுத்த நிமிஷமே ஸ்பேனர் போட்டால் எண்ணெய்க் காசு வீண்.

பிறகு சுத்தியலால் நட்டின் மேல் லேசாகத் தட்டுவது. உடைக்கிற மாதிரி அல்ல, கதவைத் தட்டுகிற மாதிரி. துருவில் விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே போகும். அதன் பிறகு மாமா செய்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கழற்ற வேண்டிய நட்டை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பினார்! "ஏனுங் மாமா, கழட்டத்தானே போறோம்?" என்றேன். "ரெண்டு பக்கமும் ஆட்டுனாத்தான் பிடி விடும். பல் ஆடுறப்ப நீ என்ன பண்ணுவே?" என்றார். கால் சுற்று கழற்றி, அதில் பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றி... ஒரு நட்டுக்கு இருபது நிமிஷம். இவ்வளவு செய்தும் ஓரத்தில் இருந்த ஒரு ஸ்டட் 'டக்' என்று ஒடிந்தது. ஹெட்டின் மட்டத்துக்கும் 2 மி.மீ. உள்ளே. ஆக, நீட்டிக்கொண்டிருக்கும் பழையது ஒன்று, உள்ளே மறைந்துகொண்ட புதியது ஒன்று.

நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட்

வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் பாதி வெற்றி. மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுக் கழற்றலாம். எங்களுடையதில் மரை தேய்ந்துபோயிருந்தது. லாக் பிளையரில் பிடித்தால் வழுக்கியது. அடுத்தது சூடு.

இங்கே ஒரு கணக்கு. ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். எஃகு 12 பங்குதான். 8 மி.மீ. ஓட்டையைச் சுற்றி 150 டிகிரி சூடேற்றினால் ஓட்டை சுமார் 0.028 மி.மீ. பெரிதாகும், ஸ்டட் 0.014 மி.மீ. பருக்கும். வித்தியாசம் 0.014 மி.மீ. நம் தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான்! ஆனால் துருவின் பிடி விடுவதற்கு அது போதுமாம். சூடாக இருக்கும்போது மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். இதையும் பழைய மெக்கானிக்குகள் செய்வார்கள். ஒரே பயம், இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஹெட்டில் இருக்கும் கலவை அதற்கும் முன்பே. நிறம் மாறாமலே திடீரென்று குழைந்துவிடும். கேஸ் டார்ச்சை ஓர் இடத்திலேயே காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

எங்களுக்கு அது மட்டும் போதவில்லை. பக்கத்துத் தெரு வெல்டிங் அண்ணன் மிஷினோடு வந்தார். ஒடிந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை உட்கார வைத்து, நட்டின் நடு ஓட்டை வழியாக வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். தலையில்லாத ஸ்டட்டுக்குத் தலை வைத்தாயிற்று! இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெல்டிங் வைத்த சூட்டில் ஸ்டட்டும் ஒரு உலுக்கு உலுங்கிவிடும். சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினார் மாமா. 'கிர்ர்' என்று ஒரு முனகல். அப்புறம் வெண்ணெய் மாதிரி வந்தது. (வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்து, ஈரச்சாக்கால் மூடி, பக்கத்தில் ஒரு பக்கெட் மணல் வைத்தோம். வெல்டிங் வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றேன்.)

உள்ளே மறைந்த ஸ்டட்

இதைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கடையில் ஈஸி அவுட் என்று ஒன்று விற்கிறார்கள். ஸ்டட் நடுவில் ஒரு ஓட்டை போட்டு, இடப்பக்கமாக முறுக்கிய அந்தக் கூம்பை உள்ளே செருகித் திருப்பினால் அது கடித்துக்கொண்டு ஸ்டட்டைக் கழற்றும் என்பது திட்டம். அதையே வாங்கலாமே என்றேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்ன காரணத்தை நான் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். கம்பியின் விட்டம் பாதியானால், முறுக்கைத் தாங்கும் வலு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும் (விட்டத்தின் மும்மடி!). 8 மி.மீ. ஸ்டட்டே முறிந்துபோன பிடிப்பை, 4 மி.மீ. ஈஸி அவுட் எப்படித் தாங்கும்? அது மிகக் கடினமான எஃகு வேறு. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. லேசாகப் பிடித்திருக்கும் ஸ்டட்டுக்கு ஈஸி அவுட் நல்லது. துருவில் ஊறி முறிந்ததற்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சியும்.

அப்படியும் உள்ளே முறிந்துவிட்டால்? ஸ்பார்க் எரோஷன் என்ற மின்பொறி அரிப்பு முறை இருக்கிறது. மின்பொறிகளாலேயே உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுப்பது. சோவியத் நாட்டில் 1943-ல் லசரென்கோ என்ற கணவனும் மனைவியும் இதை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் இதே போன்ற மிஷினை ஒரு குழு செய்தது எதற்குத் தெரியுமா? அலுமினிய வார்ப்புகளுக்குள் முறிந்த ட்ரில் பிட்டையும் டேப்பையும் எடுக்கத்தான்! நம் பிரச்சினை அவ்வளவு பழையது. ஆனால் ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும், செலவு அதிகம்.

இன்னொன்றும் கேளுங்கள். சலூனில் முகச்சவரம் செய்து தடவுகிறார்களே படிகாரம், அதைக் கரைத்த சூடான தண்ணீரில் போட்டால் எஃகு மெதுவாகக் கரையும், பித்தளை தாக்குப்பிடிக்கும். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த துளியூண்டு திருகை இப்படித்தான் எடுப்பார்கள். ஆசையாகச் சொன்னேன். "எஞ்சின வேக வைக்கிற அண்டா உங்க வூட்ல இருக்குதா அம்மிணி?" என்று மாமா கேட்டதும் அந்த யோசனை முடிந்தது.

துளை போடுவதில் ஒரே ஆபத்து, நடு விலகுவது. ஸ்டட் கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மென்மை. முறிந்த முகமோ மேடும் பள்ளமும். ட்ரில் பிட் மேட்டைவிட்டு, தண்ணீர் பள்ளம் தேடுவது மாதிரி அலுமினியத்துக்குள் ஓடிவிடும். ஓடினால் ஹெட்டின் மரை போச்சு. கையால் நேராகப் பிடிக்கிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். மாமா லேத் பட்டறைக்குப் போய் 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு சின்ன புஷ் கடைந்து வந்தார். வெளிவிட்டம் மேனிஃபோல்டின் ஓட்டைக்குள் ஆட்டமில்லாமல் நுழையும் அளவு, நடுவில் 3 மி.மீ. துளை. மேனிஃபோல்டைக் கேஸ்கட் இல்லாமல் திரும்ப மாட்டி, நல்ல ஸ்டட்களில் நட் போட்டு நிறுத்தி, புஷ்ஷை அந்த ஓட்டையில் செருகினால் ட்ரில் பிட் நடுவைவிட்டு எங்கே போகும்? இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் புஷ்தான்.

எவ்வளவு ஆழம்? முதலில் எடுத்த ஸ்டட்டே பதில் சொன்னது. அது ஹெட்டுக்குள் 16 மி.மீ. இருந்தது. அதோடு புஷ்ஷின் 20 மி.மீ. சேர்த்தால் 36. ட்ரில் பிட்டில் 36 மி.மீ. அளந்து கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். (இது என் வேலை!) டேப் புஷ்ஷைத் தொட்டால் நிறுத்து என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழியில் ஓட்டை விழலாம். அப்புறம் ஹெட்டையே மாற்ற வேண்டியதுதான்.

மெதுவான வேகம், நல்ல அழுத்தம், சொட்டுச் சொட்டாக எண்ணெய், அடிக்கடி வெளியே எடுத்துத் துகளைத் தட்டுவது. 3 மி.மீ. துளை விழுந்ததும் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, டேப்பை இப்போது 16-ல் சுற்றி, 5 மி.மீ. பிட், பிறகு 6.5. பெரிய பிட், சின்னத் துளை காட்டிய வழியிலேயே போகும். ஏன் 6.5 என்றால், 8 மி.மீ. ஸ்டட்டின் மரைப் பள்ளத்து விட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். துளை சரியாக நடுவில் இருந்தால் கம்பியின் வயிறு முழுவதும் போய், மரையின் மேடு மட்டும் ஸ்பிரிங் மாதிரி ஹெட்டின் பள்ளத்தில் மிஞ்சும். கூரான ஊசியால் அதன் நுனியை நெம்பி, சின்ன மூக்குப் பிளையரால் இழுத்தார் மாமா. சுருள் சுருளாக வந்தது! அப்பாவே கைதட்டினார்.

கண்ணாடி போடாமல் இந்த வேலையில் யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பறக்கும் துகள் சூடானது, கூரானது. எங்கள் வீட்டில் இரண்டே கண்ணாடிதான், அதனால் தம்பிக்கு அனுமதி இல்லை. அவன் இன்னும் கோபத்தில் இருக்கிறான்.

பிறகு

மிச்சமிருந்த துருவை எடுக்க 8-க்கு 1.25 மரை டேப்பை உள்ளே விட வேண்டும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், எண்ணெயோடு. வேகமாகத் திருப்பினால் டேப் முறியும். பிறகு இந்தக் கட்டுரையை முதலிலிருந்து படிக்க வேண்டும்! ஹெட்டின் மரை கெட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று வரும் டேப்பால் மரை போட்டு, ஹெலிகாயில் என்ற ஸ்டீல் சுருளைத் திருகிவிட்டால் பழைய அளவு ஸ்டட்டே மாட்டலாம். அலுமினிய மரையைவிட அது உறுதியாகவே இருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

புது ஸ்டட், புது கேஸ்கட். மரையில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் லேசாக. நடுவில் உள்ள நட்டிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரே தடவையில் முழுக்க இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக. குழாய் செருகக் கூடாது, டார்க் ரென்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும்.

மறுநாள் காலை எஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்தோம். ஸ்டார்ட் ஆனதும் கேஸ்கட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார் மாமா, குமிழி வரவில்லை. 'டிக் டிக்' கேட்கவில்லை. செலவு: ஸ்டட்கள், கேஸ்கட், புஷ், எண்ணெய், வெல்டிங் அண்ணனுக்குக் கூலி. மாமா காசு வாங்கவில்லை, அம்மா சந்தகை செய்து போட்டார். அப்பத்தா அந்த வாரம் இதே வண்டியில்தான் ஆஸ்பத்திரி போனார், கண்ணாடியை இறக்கிவிட்டபடி. 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்களை ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். இன்னும் 180 இருக்கிறது.

இந்தத் தாளுக்குக் கீழே பிளாஸ்டிக் கவரில் நட் ஒட்டிய ஸ்டட்டும், சுருளாக வந்த மரையும், அந்தப் புஷ்ஷும் ஒட்டப்பட்டுள்ளன. தொட்டுப் பார்க்க வேண்டுமானால் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தொடவும். சுருளின் நுனி கூராக இருக்கிறது.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு